தாதியருக்கு வீட்டுப் பராமரிப்பில் பட்டப்பின் படிப்பு: எதைப் பார்த்துத் தெரிவு செய்வது?

கொழும்பில் அரசாங்க வைத்தியசாலை ஒன்றின் மருத்துவ வாட்டில் எட்டு வருஷமாக வேலை செய்யும் தங்கச்சி ஒருவர் எனக்கு எழுதிக் கேட்டிருந்தார். மூன்று வருஷ தாதியர் டிப்ளோமா, அதற்குப் பிறகு திறந்த பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டம். மாமியாருக்குப் பாரிசவாதம் வந்து வீட்டில் வைத்துப் பார்க்கத் தொடங்கியதிலிருந்து, அயல் வீட்டுக்காரரும் "மிஸ்ஸி, ஒருக்கா வந்து அப்பாவின்ட காலைப் பாருங்கோ" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்களாம். இப்போது வாட்டை விட்டு இந்தப் பக்கம் வரவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு. சமூகத்திலும் வீடுகளிலும் வேலை செய்யும் தாதியருக்கென்று பட்டப்பின் படிப்பு உண்டா, அதில் புதிதாக என்ன படிக்கப் போகிறேன், இங்கே அது வேலைக்கு உதவுமா, இல்லை சுவரில் மாட்டும் சான்றிதழாகத்தான் இருக்குமா என்பது கேள்வி.

நேரடியாகவே சொல்கிறேன், தங்கச்சி. படியுங்கள். ஆனால் படிப்பின் பெயரைப் பார்த்துத் தெரிவு செய்யவேண்டாம். அந்தப் படிப்பில் எத்தனை மணித்தியாலம் நோயாளரின் வீட்டுக்குள் நிற்கப் போகிறீர்கள், அப்போது உங்கள் பக்கத்தில் யார் நிற்கப் போகிறார், இந்த இரண்டையும் முதலில் கேளுங்கள். இதற்குத் தெளிவான பதில் சொல்லாத படிப்பு முதுமாணியாக இருந்தாலும், பெயர்போன வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தினதாக இருந்தாலும், இந்த வேலைக்கு உங்களைத் தயார்ப்படுத்தாது. இவ்வளவு பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வாட்டில் பதினான்கு வருஷம் நின்றுவிட்டு முதல் தடவை ஒரு வீட்டுக்குள் போனபோது நடந்ததை இன்னும் என்னால் மறக்க ஏலவில்லை.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியின் நாலாம் தட்டு. எழுபத்தெட்டு வயது அம்மா. வலப்பக்கம் இழுத்து, பேச்சும் குறைந்து, மூன்று கிழமையாகப் படுக்கையில் இருந்தார். பார்ப்பது மகள். மருமகனுக்குப் புறக்கோட்டையில் கடை, இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அம்மாவைத் திருப்பிப் பார்த்தால், நாரி எலும்பு முடியும் இடத்தில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் ஒரு கறுத்த திட்டு. மகள் அதைப் பழைய தழும்பு என்று நினைத்திருந்தார். தோல் கிழியவில்லை, சிவப்பும் இல்லை. ஆனால் புறங்கையால் தொட்டபோது சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக இருந்தது, விரலால் அமத்தியபோது அடியில் கட்டியாக இருந்தது. படுக்கைப்புண்ணின் முதல் அறிகுறி "அமத்தினால் வெளிறாத சிவப்பு" என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். எங்கள் ஆட்களின் மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பு பல நேரம் தெரியவே தெரியாது. சூடும் இறுக்கமும் நோவும்தான் முதலில் வரும். கைதான் கண்டுபிடிக்கவேண்டும், கண் அல்ல. இதை எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன் என்று யோசித்தேன். ஒருவருக்கும் இல்லை.

மகள் தன்னால் ஏலுமானதை எல்லாம் செய்திருந்தார். பாமசியில் வாங்கிய காற்று வளையத்தை அம்மாவின் அடியில் வைத்திருந்தார், இரவில் அந்த இடத்தில் எண்ணெய் போட்டு நன்றாகத் தேய்த்தார், பிறகு பவுடரும் போட்டார். வளையம் நடுவில் பாரத்தைக் குறைத்தாலும் சுற்றிவர இரத்த ஓட்டத்தை அமத்திவிடும். எலும்பு முட்டும் இடத்தில் அழுத்தித் தேய்த்தால் உள்ளே நொந்துபோன தசை இன்னும் நொந்துபோகும். அன்போடு செய்த இரண்டும் புண்ணை வளர்த்துக்கொண்டிருந்தன. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் வைத்தியசாலையில் கொடுத்த துண்டு ஒட்டியிருந்தது: "2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டவும்." எந்த வாட்டுத் தாதி எழுதியதோ தெரியாது. அதே வசனத்தை அதற்கு முன் நானே நூற்றுக்கணக்கான துண்டுகளில் எழுதியிருக்கிறேன்.

நான் அதையே திரும்பச் சொன்னேன். மகள் அமைதியாகக் கேட்டார்: "இரவு ரெண்டு மணிக்கும் நாலு மணிக்கும் எழும்பினா, காலமை ஆறரைக்கு ஸ்கூல் வான் வரேக்க ஆர் மிஸ்ஸி நிக்கிறது?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. என்னோடு வந்திருந்தவர் இருபது வருஷம் வெளிக்கள வேலை செய்த பொதுச் சுகாதார தாதிய சகோதரி ஒருவர். அவர் ஒரு கொப்பித் தாளை எடுத்துக்கொண்டு, "உங்கட வீட்டில கடைசியாப் படுக்கிறது ஆர்? முதல் எழும்புறது ஆர்?" என்று தொடங்கினார். மருமகன் கடை பூட்டி வருவது இரவு பத்தரைக்கு. சாப்பிட்டுப் படுக்க பதினொன்றரை. மகள் எழும்புவது நாலரைக்கு. அந்த வீட்டின் மணிக்கூட்டுக்கு ஏற்றபடி புரட்டும் நேரங்களை வைத்தார். வளையத்துக்குப் பதிலாக அடர்த்தியான நுரை மெத்தை. நேரே பக்கவாட்டில் சரிக்காமல், முதுகுக்குத் தலையணை கொடுத்து முப்பது பாகை அளவில் மட்டும் சரிவு, அப்போதுதான் இடுப்பு எலும்பில் முழுப் பாரமும் விழாது. கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை, குதிக்கால் அந்தரத்தில். நல்ல மெத்தையோடு இரவில் நாலைந்து மணித்தியால இடைவெளியைத் தோல் தாங்குகிறதா என்று ஒவ்வொரு காலையும் தொட்டுப் பார்க்கவேண்டும், திட்டு பெருத்தாலோ தோல் உரிந்தாலோ இடைவெளியைக் குறைத்துவிட்டு அன்றைக்கே எங்களுக்குச் சொல்லவேண்டும் என்றார். பிறகு மகளின் கையைப் பிடித்து, எந்த இடத்தில் எப்படித் தொட்டுப் பார்ப்பது என்று காட்டினார். காட்டிவிட்டு, "இப்ப நீங்க எனக்குக் காட்டுங்கோ" என்றார். மூன்றாம் கிழமை போனபோது திட்டு மங்கியிருந்தது.

அந்தச் சகோதரி செய்ததை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். உடலைத் தனியாகச் சோதித்தார். வீட்டைச் சோதித்தார். வழமையான விதியை எவ்வளவு தளர்த்தலாம், எங்கே தளர்த்தக்கூடாது என்று தீர்மானித்து, அந்தத் தீர்மானத்துக்கான பொறுப்பைத் தானே எடுத்தார். ஒரு குடும்பத்துக்குக் கற்பித்தார், கற்றார்களா என்று சரிபார்த்தார். எப்போது தன்னைக் கூப்பிடவேண்டும் என்று எல்லை போட்டார். வாட்டில் இந்த ஐந்தும் ஐந்து பேருக்குள் பங்கிடப்பட்டிருக்கும். ஏதும் சந்தேகம் என்றால் எச்.ஓ.வை, அதாவது வாட்டில் நிற்கும் இளம் டொக்டரைக் கூப்பிடலாம், பக்கத்துக் கட்டிலில் இன்னொரு தாதி நிற்பார். வீட்டில் நீங்கள் தனி. நல்ல பட்டப்பின் படிப்பு இந்தத் தனிமைக்குத்தான் உங்களைப் பழக்கும். சகோதரிக்கு அது வர இருபது வருஷம் பிடித்தது. ஒன்றரை இரண்டு வருஷத்தில், ஆளைக் காயப்படுத்தாமல் அதைக் கற்றுக்கொள்ள வழி செய்வதுதான் படிப்பின் நோக்கம்.

ஆகவே பாடத்திட்டத்தைக் கையில் எடுத்தால் முதலில் உடற்பரிசோதனையும் மருத்துவத் தீர்மானமும் ஆழமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். நாடி, பிரஷர் அளப்பதோடு நிற்காமல் நெஞ்சைக் கேட்டு, வயிற்றைத் தொட்டு, "இது நாளைவரை பொறுக்கும், இது இப்போதே அம்புலன்சுக்கு" என்று பிரிக்கத் தெரியவேண்டும். அடுத்து மருந்தியல். மருந்துச் சீட்டு எழுதும் அதிகாரம் இங்கே தாதியருக்கு இல்லைத்தான். ஆனாலும் கொழும்பு வீடுகளில் மேசையைத் திறந்தால் கிளினிக்கில் கொடுத்த மருந்து ஒரு பையிலும் சனல் பண்ணிய, அதாவது தனியாரில் காசு கட்டிக் காட்டிய டொக்டர் எழுதியது இன்னொரு பையிலும் இருக்கும். லோசாட்டன் என்ற ஒரே பிரஷர் மருந்து இரண்டு பெயரில் இரண்டு பையிலும் கிடந்ததை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஐயா எழும்பும்போதெல்லாம் தலைசுற்றி விழுவார், வயசுபோனால் அப்படித்தான் என்று வீட்டார் சொல்வார்கள். இரண்டு பையையும் மேசையில் கொட்டி ஒப்பிட்டு, டொக்டருக்கு மரியாதையாகவும் ஐயத்துக்கு இடமில்லாமலும் ஒரு கடிதம் எழுதத் தெரிந்த தாதிதான் அந்த விழுகையை நிறுத்துவார்.

வாட்டுப் பழக்கங்களில் சில வீட்டில் ஆபத்தாக மாறும் என்பதையும் படிப்பு முகத்துக்கு நேரே சொல்லவேண்டும். சாப்பாடு கொடுக்கும் மூக்குக் குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்று காற்றை ஊதி ஸ்டெதஸ்கோப்பால் கேட்டுப் பார்ப்பது நாங்கள் எல்லோரும் செய்தது. அது நம்பத்தக்க சோதனை அல்ல, குழாய் நுரையீரலுக்குள் இருந்தாலும் சத்தம் கேட்கும். உறிஞ்சி எடுத்த திரவத்தின் பி.எச். 5.5 அல்லது அதற்குக் குறைவா என்று தாள் கொண்டு பார்ப்பதும், மூக்கடியில் போட்ட அடையாளம் நகர்ந்துவிட்டதா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பதும்தான் பாதுகாப்பு. வாட்டில் தவறு நடந்தால் ஒட்சிசன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். கொட்டாஞ்சேனை மாடிவீட்டில் மகன் பால் ஊற்றிக்கொண்டிருப்பார். இன்சுலினும் அப்படித்தான். திறந்த பேனா சாதாரண அறை வெப்பத்தில் ஏறக்குறைய நாலு கிழமை தாங்கும் என்று பெட்டியில் போட்டிருக்கும். தகரக் கூரைக்குக் கீழே மத்தியான நேரம் அறை வெப்பம் எவ்வளவு என்று போய்ப் பார்த்தவருக்குத்தான் அந்த வசனத்தின் அர்த்தம் விளங்கும்.

இனி மொழி. இதை எந்தப் பாடத்திட்டத்திலும் போதுமான அளவுக்கு நான் கண்டதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நாங்கள் படித்தது ஆங்கிலத்தில், வாட்டில் பேசுவது பாதி சிங்களத்தில், நோயாளி நோவைச் சொல்வது தமிழில். அதுவும் ஒரே தமிழ் அல்ல. யாழ்ப்பாணத்து ஆச்சி "உளையுது" என்பார், மலையகத்திலிருந்து வந்து மட்டக்குளியில் இருக்கும் ஐயா "வலி எடுக்குது" என்பார், மாளிகாவத்தை உம்மா "கடுக்குது" என்பார். கால் "எரியுது", "எறும்பு ஊருது", "கரண்ட் அடிச்ச மாதிரி", "விறைச்சுப் போச்சு" என்று ஒருவர் சொன்னால் அது பெரும்பாலும் நரம்பு வலி. பெனடோலைக் கூட்டிக்கொண்டு போவதில் பிரயோசனமில்லை, வேறு வகை மருந்து தேவைப்படும், சீனி வருத்தக்காரர் என்றால் பத்துக் கிராம் மெல்லிழையால் (தொடுவது உணர்கிறதா என்று பார்க்கும் நைலோன் இழை) பாதத்தைச் சோதிக்கவேண்டும். "குத்துது", "உளையுது" என்றால் யோசனை வேறு பக்கம் போகும். மொழிபெயர்ப்பில் இதெல்லாம் ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லாக மாறி, பத்துக்கு எத்தனை என்ற இலக்கமாக அட்டையில் ஏறுகிறது. தமிழ் தெரிந்த தாதிக்கு இங்கே இருக்கும் பலம் சாதாரணமானது அல்ல. ஆய்வுக் கட்டுரைக்கு என்ன தலைப்பு எடுப்பது என்று நீங்கள் யோசிக்கும் நாள் வந்தால், கொழும்பின் தமிழ் பேசும் நோயாளர் நோவுக்குப் பாவிக்கும் சொற்களைச் சேர்த்து வகைப்படுத்துவதே ஒரு முதுமாணிக்குப் போதுமான வேலை.

சொல்லோடு வழக்கமும் வரும். மாளிகாவத்தையில் ஒரு வீட்டில் கத்தீட்டர் போட்டிருந்த பெரியவர் தொழுவதை நிறுத்திவிட்டார், யூரின் பையோடு வுழூ (தொழுகைக்கு முன் முகம் கை கால் கழுவும் சுத்தம்) கூடாது என்று நினைத்து. நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு என்று பள்ளிவாசல் மௌலவி வந்து சொன்ன பிறகுதான் அவர் திரும்பத் தொழத் தொடங்கினார். மௌலவியைக் கூப்பிடவேண்டும் என்ற யோசனை தாதிக்கு வரவேண்டும். அதே வீட்டில் ரமழானுக்கு இரண்டு மாதம் முந்தியே இன்சுலின் பற்றிக் கதைக்கவேண்டும், நோன்பு தொடங்கிய பிறகு அல்ல. ஐந்து வேளை கால் கழுவும் சீனி வருத்தக்காரருக்கு விரல் இடுக்குகளைத் துடைத்துக் காயவைக்கச் சொல்லிக் கொடுத்தால் பூஞ்சை பிடிப்பதைத் தடுக்கலாம்.

மற்ற நாடுகள் இந்தப் படிப்பை எப்படி அமைத்திருக்கின்றன என்று தெரிந்துகொண்டால் ஒப்பிட ஒரு அளவுகோல் கிடைக்கும். தொடக்கமே ஒரு தாதியின் தனிமையிலிருந்துதான். 1859இல் லிவர்பூலில் வில்லியம் ராத்போன் என்ற வணிகர், தன் மனைவியின் கடைசி நாட்களில் பார்த்துக்கொண்ட மேரி ராபின்சன் என்ற தாதியை ஏழைகளின் வீடுகளுக்குப் போய்ப் பராமரிக்க மூன்று மாதத்துக்கு அமர்த்தினார். ஒரு மாதத்தில் அவர் கண்ணீரோடு திரும்பி வந்து, அந்த வறுமையைப் பார்க்கத் தன்னால் ஏலாது, விட்டுவிடுங்கள் என்றார். ராத்போன் கேட்டுக்கொண்டதால் தொடர்ந்தார், அதிலிருந்து மாவட்டத் தாதியர் சேவை வளர்ந்தது. வேலை மட்டும் போதாது, தனிப் பயிற்சி வேண்டும் என்று உணர்ந்த பிறகு நவீன தாதியத்தின் முன்னோடி புளோரன்ஸ் நைட்டிங்கேலின் ஆலோசனையோடு அங்கே தாதியர் பயிற்சிப் பள்ளியும் வந்தது. இன்று பிரித்தானியாவில் மாவட்டத் தாதியம் பதிவுபெற்ற தாதியருக்கு மேல் ஒரு விசேட தகைமை. 2022இல் அதன் தராதரங்களைப் புதுப்பித்தார்கள். படிப்பில் பாதியளவு களத்தில், ஒரு மேற்பார்வையாளரின் கீழ். ஆனால் அந்தத் தகைமைக்கு முதலில் அந்த நாட்டுத் தாதியர் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கவேண்டும். கொழும்பிலிருந்து ஒன்லைனில் எடுத்துவிடலாம் என்று யாராவது முகவர் சொன்னால் நம்பவேண்டாம்.

ஸ்பெயினில் குடும்ப, சமூகத் தாதியம் இரண்டு வருஷ வதிவிடப் பயிற்சி. நாடளாவிய பரீட்சையில் தெரிவாகி, சம்பளத்தோடு வேலை செய்துகொண்டே கற்பது, டொக்டர்மாரின் விசேட பயிற்சியைப் போல. எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு இதுதான். இத்தாலியில் பட்டத்துக்கு மேல் ஒரு வருஷ மாஸ்டர், 60 கிரெடிட், அதாவது 1,500 மணித்தியாலம், களப்பயிற்சியும் சேர்த்து. 2022ஆம் ஆண்டு அங்கே வந்த ஒழுங்குவிதி 3,000 குடியிருப்பாளருக்குக் குறைந்தது ஒரு குடும்பத் தாதி என்று அளவு வைத்தது. படித்து வருபவருக்கென்று ஒரு பதவியும் அதற்கு ஒரு அளவும் முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டிருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நினைத்துப் பாருங்கள். இந்தியாவில் சமூக சுகாதாரத் தாதியத்தில் இரண்டு வருஷ எம்.எஸ்ஸி. நெடுங்காலமாக உண்டு.

கிரெடிட் கணக்கில் ஏமாறவேண்டாம். ஐரோப்பாவில் ஒரு கிரெடிட் 25 முதல் 30 மணித்தியால வேலை, பிரித்தானியாவில் 10, எங்கள் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 50. ஆகவே இத்தாலியின் 60 கிரெடிட்டும் எங்கள் 30 கிரெடிட்டும் ஒரே 1,500 மணித்தியாலம்தான். இலங்கையில் பாடநெறி மட்டும் கொண்ட முதுமாணி ஒன்பதாம் மட்டம், 30 கிரெடிட். ஆய்வும் சேர்ந்தால் பத்தாம் மட்டம், 60 கிரெடிட். பிற்காலத்தில் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் பத்தாம் மட்டத்தை எடுங்கள். சர்வதேச தாதியர் பேரவையும் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில் உயர்நிலைத் தாதியத்துக்கு முதுமாணியைக் குறைந்தபட்சத் தகைமையாகப் பரிந்துரைத்திருக்கிறது.

எங்களுக்குக் கிட்டிய உதாரணங்கள் கடலுக்கு அப்பால் அதிக தூரத்தில் இல்லை. கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய நோய்த்தணிப்புப் பராமரிப்புச் (கடும் நோயாளியின் வேதனையைக் குறைக்கும் பராமரிப்பு) சங்கத்திலிருந்து வளர்ந்து, 2008இல் கேரள அரசு இதற்கென்று ஒரு கொள்கையே அறிவித்தது. ஊர்த் தொண்டர்களோடு தாதி வீடு வீடாகப் போகிறார். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் பிரஷர், நீரிழிவு மாத்திரைகளை வீட்டுக்குக் கொண்டுபோகிறது, படுக்கையில் இருப்போரிடம் நோய்த்தணிப்புத் தாதியும் இயன்மருத்துவரும் போகிறார்கள். லீவு எடுத்து ஒரு கிழமை போய்ப் பார்க்கக்கூடிய தூரம்.

இனி எங்கள் ஊர் நிலைமை. வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் பாரம்பரியம் இலங்கைக்குப் புதிதல்ல. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) முறை வளர்ந்து, கர்ப்பிணித் தாய்க்கும் கைக்குழந்தைக்கும் குடும்ப சுகாதார மருத்துவமாது வாசல்படி வரை வருகிறார். எங்கள் தாய் சேய் சுகாதாரம் உலகம் மெச்சும் நிலைக்கு வந்ததில் அந்தப் பெண்களின் நடைக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் அதே வீட்டின் மற்ற அறையில் படுத்திருக்கும் அப்பம்மாவைத் தேடி வர அவ்வாறான ஒருவர் இல்லை. 2012 குடிசன மதிப்பீட்டிலேயே அறுபது வயதுக்கு மேற்பட்டோர் 12.4 வீதம், அதற்குப் பிறகு இன்னும் கூடிவிட்டது. பிள்ளைகள் ரொரன்ரோவிலும் லண்டனிலும் இருக்க, தாயும் தகப்பனும் வெள்ளவத்தை பிளாட்டில் தனியாக இருக்கும் வீடுகள் எத்தனை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அரசாங்க சேவைக்குள் நிற்க விரும்பினால் பார்க்கவேண்டிய பதவி பொதுச் சுகாதாரத் தாதிய உத்தியோகத்தர். எம்.ஓ.எச். காரியாலயத்தில் மருத்துவமாதுகளை மேற்பார்வை செய்யும் பொதுச் சுகாதார தாதிய சகோதரி வேறு, இவர் வேறு. இவர் வைத்தியசாலையோடு இணைந்து தொற்றா நோய்களையும் தொடர்பராமரிப்பையும் பார்ப்பவர். 2011இலிருந்து தொடங்கிய ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களின் வேலையும் இவரோடு பின்னிக் கிடக்கிறது. வீட்டுத் தரிசனம் இவருடைய கடமைக்குள் வரும். இதற்குச் சுகாதார அமைச்சே ஆட்களைத் தெரிந்து பயிற்சி கொடுக்கிறது. உங்கள் வைத்தியசாலையின் விசேட தர தாதிய உத்தியோகத்தரிடம் சுற்றறிக்கையைக் கேட்டு வையுங்கள், விண்ணப்பத் திகதி சத்தமில்லாமல் கடந்துபோகும். நோய்த்தணிப்புப் பக்கம் மனம் போனால், தேசிய புற்றுநோய்க் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் 2019 முதல் 2023 வரைக்கான தேசிய உபாயச் சட்டகம் ஒன்றை வெளியிட்டது. அதை முதலில் வாசியுங்கள். மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பப்படும் ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டில் கடும் வலிக்குக் கொடுக்கும் மோபீன் சிரப்பைப் பார்த்துப் பயப்படும் ஒரு மனைவி இருப்பார், மலச்சிக்கல் வரும் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

தனியார் பக்கம் பற்றி எனக்குக் கவலை உண்டு. கொழும்பில் வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகள் பெருகிவிட்டன. அனுப்பப்படும் பிள்ளைகளில் பலர் தாதியர் அல்ல, சில கிழமைப் பயிற்சி பெற்ற பராமரிப்பாளர்கள். வெள்ளைச் சட்டை போட்டதும் வீட்டார் அவர்களையும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுகிறார்கள், இன்சுலின் ஊசியையும் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பிள்ளைகளில் குற்றம் இல்லை, பன்னிரண்டு மணித்தியாலம் கட்டிலருகில் நின்று உண்மையான வேலை செய்பவர்கள் அவர்கள்தான். அவர்களுக்கு மேலே, தாதியர் பேரவையில் பதிவுள்ள, வீட்டுப் பராமரிப்பில் பட்டப்பின் தகைமை பெற்ற ஒருவர் கிழமைக்கு ஒருமுறையாவது போய்ப் பார்க்கும் முறை வரவேண்டும். உங்கள் படிப்புக்கு இங்கே வேலை இருக்குமா என்று கேட்டீர்கள். இந்த இடம் இன்று வெறுமையாகக் கிடக்கிறது. பதவிப் பெயர் இன்னும் வரவில்லை, தேவை எப்போதோ வந்துவிட்டது.

சம்பளத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்லவேண்டும். அரச சேவையில் முதுமாணி எடுத்த அடுத்த மாதமே சம்பளம் உயரும் என்று எண்ணிக்கொண்டு போகவேண்டாம். படிப்புக் கட்டணம், களப்பயிற்சிக்கு ஓட்டோச் செலவு, சம்பளமற்ற லீவு எடுக்க நேர்ந்தால் அதன் இழப்பு, எல்லாவற்றையும் வீட்டில் இருந்து கணக்குப் பாருங்கள். கிழமை இறுதியில் மட்டும் நடக்கும் வகுப்பு வசதியாகத் தெரியும். ஆனால் களப்பயிற்சி எந்த நாளில் என்று கேளுங்கள். சனி ஞாயிறில் வகுப்பறைக்குள்ளேயே முடிந்துவிடும் படிப்பு என்றால், தொடக்கத்தில் நான் சொன்ன இரண்டு கேள்விகளிலும் அது தோற்றுவிட்டது. வெளிநாட்டுப் படிப்பு என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அந்த நிறுவனத்தை அங்கீகரிக்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முந்தி எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

விண்ணப்பிக்க இன்னும் ஆறேழு மாதம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வாட்டிலிருந்து வீட்டுக்குப் போகும் நோயாளரில், தாதியப் பொறுப்பதிகாரியின் அனுமதியும் குடும்பத்தின் சம்மதமும் பெற்று, இருபது பேரை மூன்றாம் நாள் தொலைபேசியில் கூப்பிட்டுக் கதையுங்கள். மருந்து விளங்கியதா, யார் பார்க்கிறார், இரவில் என்ன நடந்தது, எதற்குப் பயந்தார்கள். அவர்கள் சொன்ன அதே சொற்களில் ஒரு கொப்பியில் எழுதுங்கள், பெயர் வேண்டாம். இருபது பேர் முடியும்போது உங்கள் வாட்டுத் துண்டில் எந்த வசனம் வீட்டில் வேலை செய்யவில்லை என்று உங்களுக்கே தெரிந்துவிடும். நேர்முகப் பரீட்சையில் "ஏன் இந்தப் படிப்பு?" என்று கேட்டால் அந்தக் கொப்பியைப் பற்றிச் சொல்லுங்கள்.

மாமியாரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் பாரிசவாதம் என்று எழுதியிருந்ததால் சொல்கிறேன். இன்று இரவு இழுத்த பக்கத்துக் குதிக்காலைத் தூக்கி, புறங்கையால் தொட்டுப் பாருங்கள். மற்றக் குதிக்காலைவிடச் சூடாகவோ இறுக்கமாகவோ இருந்தால், அல்லது சதுப்பாகப் பொதுமியிருந்தால், கெண்டைக்காலுக்குக் கீழே ஒரு தலையணையை நீட்டாக வைத்து, குதிக்கால் மெத்தையில் முட்டாமல் விட்டுவிட்டு, காலையில் எனக்கு எழுதுங்கள்.